படிவம் 5695: அமெரிக்க வீடுகளின் எரிசக்திச் சிக்கனமும் வரிச் சலுகையின் கணக்கும்

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 25சி பிரிவு 2025 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. வீட்டின் சுவருக்கும் பரணுக்கும் வெப்பக் காப்பு இட்டவர்களும், பழைய சாளரங்களை மாற்றியவர்களும், எரிவாயு உலையைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் பொருத்தியவர்களும் தம் செலவில் ஒரு பங்கைக் கூட்டரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள இடமளித்த பிரிவு இது. 2022-இல் அது விரிவாக்கப்பட்டபோது 2032 வரை நீடிக்கும் என்று சட்டமே உறுதி கூறியிருந்தது. விரிவாக்கப்பட்ட வடிவில் மூன்று ஆண்டுகள் நடந்த பிறகு, 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையொப்பமிட்ட வரிச் சட்டம் அதை ஏழு ஆண்டுகள் முன்கூட்டியே முடித்துவைத்தது. இந்த முடிவை ஆட்சி மாற்றத்தின் விளைவு என்று சொல்லிக் கடந்துவிடலாம், அது பொய்யுமாகாது. ஆனால் 1978-இல் தொடங்கி விட்டுவிட்டு நடந்துவந்த இச்சலுகையின் வரலாற்றை முழுமையாகப் பார்க்கும்போது, கட்சி அரசியலைக் காட்டிலும் ஆழமான ஒரு குறை தென்படுகிறது. எரிசக்தியைச் சேமிக்கச் சொன்ன அரசு, சேமிப்பை அளக்கும் வழியில்லாத, செலவை மட்டுமே அளக்கத் தெரிந்த ஒரு கருவியை அதற்கெனத் தேர்ந்தெடுத்தது. பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு எரிபொருள் மிச்சமானது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் அந்தத் தேர்விலேயே அடங்கியிருக்கிறது.

வரி வரவு என்பது செலுத்த வேண்டிய வரித் தொகையிலேயே நேரடியாகக் கழிக்கப்படுவது. வரிக்குரிய வருமானத்தைக் குறைக்கும் சாதாரணக் கழிவு, ஒருவர் எந்த வரி விகிதத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் பலன் தரும்; வரி வரவோ ஒரு டாலருக்கு ஒரு டாலர் என்று எல்லாருக்கும் சமமாகக் கழியும். ஆனால் இச்சமத்துவம் கழிப்பதற்கு வரி இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வரவுத் தொகை வரியை விட மிகுந்தால் மிச்சத்தை அரசு கையில் கொடுக்கும் வகை ஒன்றும், மிச்சம் அப்படியே அழிந்துபோகும் வகை ஒன்றும் உண்டு. 25சி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கூரையில் சூரிய மின்தகடு வைப்போருக்கான 25டி பிரிவில் மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவாவது முடிந்தது. 25சி-யில் அதற்கும் வழியில்லை.

இச்சலுகை எதற்காகத் தரப்பட்டது என்பதை அறிய அமெரிக்க வீட்டின் இயல்பை அறிய வேண்டும். அந்நாட்டு வீடுகள் ஓராண்டில் செலவிடும் எரிசக்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதற்கே போகிறது. வெப்பமண்டல வாசகருக்குப் பழக்கமான சிக்கல் வெளி வெப்பம் உள்ளே வருவது. அங்கு முதன்மைச் சிக்கல் காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பம் வெளியேறுவது. சூடான காற்று மேலெழுந்து உட்கூரையின் இடுக்குகள் வழியே பரணுக்குள் கசிய, அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தின் விரிசல்கள் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இதைக் கண்டறியும் எரிசக்தித் தணிக்கையாளர், வாசல் நிலையில் ஒரு துணித்திரையைக் கட்டி, அதில் பொருத்திய பெரிய விசிறியால் வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை விட 50 பாஸ்கல் குறையும் வரை ஓட்டுவார். அப்போது மின் இணைப்புப் பெட்டிகளின் ஓரம், உட்கூரையில் பதித்த விளக்குகளின் விளிம்பு, பரணுக்கு ஏறும் கதவின் சட்டம் ஆகிய இடங்களில் புகைக்குழலைக் காட்டினால், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு ஓட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும். அந்த இடுக்குகளைப் பசையாலும் நுரையாலும் அடைத்துவிட்டு, அதன் மேல் கண்ணாடி இழையையோ, பழைய செய்தித்தாளை அரைத்துத் தீப்பிடிக்காத உப்புக் கலந்த காகிதத் துகளையோ கனமாகப் பரப்புவதே வெப்பக் காப்பு வேலையின் சாரம். பொருளின் விலை அதிகமில்லை. பரணில் தவழ்ந்து ஒவ்வோர் இடுக்காகத் தேடி அடைக்கும் உழைப்புக்குத்தான் விலை. இந்த ஒரு செய்தி பின்னர் முக்கியமாகிறது.

இவ்வளவு பலன் தரும் வேலையை வீட்டுக்காரரே ஏன் செய்துகொள்வதில்லை என்பது பொருளியலில் நெடுநாள் விவாதம். தகவலின்மை, கையில் ரொக்கம் இல்லாமை, சில ஆண்டுகளில் வீட்டை விற்றுவிடுவோமே என்ற எண்ணம், வாடகை வீட்டில் செலவு உரிமையாளருக்கும் மிச்சம் குடியிருப்பவருக்கும் போவதால் இருவருமே முன்வராமை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சொல்லப்படும் மிச்சமே மிகைக்கணக்கு என்று ஐயுறுவோரும் உண்டு. வரிச் சலுகை இக்காரணங்களில் எதைத் தீர்க்கிறது என்று கேட்டால், விலையைச் சற்றுக் குறைக்கிறது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

முதல் சலுகை எண்ணெய் நெருக்கடியின் பிள்ளை. 1977 ஏப்ரல் 20 அன்று காங்கிரஸின் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தேசிய எரிசக்தித் திட்டத்தை முன்வைத்தபோது, 1985-க்குள் அமெரிக்க வீடுகளில் 90 விழுக்காட்டுக்கு வெப்பக் காப்பு இட்டுவிட வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்றாக இருந்தது. காங்கிரஸ் விவாதித்து முடித்து எரிசக்தி வரிச் சட்டம் கையெழுத்தாக 1978 நவம்பர் 9 ஆயிற்று. காப்பு, இரட்டைச் சாளரம், இடுக்கு அடைத்தல் போன்றவற்றுக்கான முதல் 2,000 டாலர் செலவில் 15 விழுக்காடு, அதாவது அதிகபட்சம் 300 டாலர், வரியில் கழிந்தது. இச்சட்டத்தில் நுட்பமான ஓர் ஏற்பாடு இருந்தது. அதிபர் உரையாற்றிய அதே 1977 ஏப்ரல் 20-க்குப் பிந்தைய செலவுகள் அனைத்தும் சலுகைக்கு உரியவை. அந்நாளுக்கு முன் கட்டிமுடித்த வீடுகளே தகுதி உடையவை. சட்டம் வரட்டும் என்று மக்கள் வேலையைத் தள்ளிப்போடாதிருக்கவும், எப்படியும் காப்போடு கட்டப்படப்போகும் புது வீடுகளுக்குப் பணம் போகாதிருக்கவும் செய்த முன்யோசனை அது. 

அந்தச் சலுகை 1985 இறுதியில் காலாவதியானபோது புதுப்பிக்க யாரும் முனையவில்லை. எண்ணெய் விலை அப்போது சரிந்துகொண்டிருந்தது. அது பயன் தந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. 1980-களின் இறுதியில் வந்த ஆய்வுகள் சில, சலுகைக்கும் வேலை நடந்ததற்கும் தொடர்பே தெரியவில்லை என்றன. கெவின் ஹேசட், கில்பர்ட் மெட்காஃப் என்னும் இரு பொருளியலாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வரித்தரவைக் கொண்டு, சலுகை விகிதம் பத்து விழுக்காட்டுப் புள்ளி மாறினால் முதலீடு செய்யும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்கிறது என்று காட்டியது. ஆக, சலுகை மக்களை அசைக்கும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. ஆனால் அவ்வாய்வு அளந்ததும் செலவைத்தான். எரிபொருள் மிச்சத்தை அல்ல.

இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின், 2005 ஆகஸ்டில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட எரிசக்திக் கொள்கைச் சட்டம் 25சி பிரிவை உண்டாக்கியது. 10 விழுக்காடு, வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து 500 டாலர், அதில் சாளரங்களுக்கு 200 டாலருக்கு மேல் இல்லை என்ற சிறு அளவில் 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு அது தொடங்கியது. 2008-இல் சலுகை இல்லை, 2009-இல் மீண்டது. அவ்வாண்டு பொருளாதார மீட்புச் சட்டம் அதை 30 விழுக்காடாகவும் 1,500 டாலராகவும் உயர்த்தியது. 2011-இல் மீண்டும் 10 விழுக்காடு, 500 டாலர். அதன் பிறகு நடந்தது வரிக்கொள்கை வரலாற்றில் ஒரு வேடிக்கை. 2011 இறுதியில் காலாவதியான பிரிவு 2013 ஜனவரித் தொடக்கத்தில் பின்தேதியிட்டு உயிர்பெற்றது. 2013 இறுதியில் மறுபடி காலாவதியாகி, 2014 டிசம்பர் 19 அன்று, அந்த ஆண்டு முடிய இரு வாரம்கூட இல்லாத நிலையில், 2014-க்கு மட்டும் நீட்டிக்கப்பட்டது. அடுத்த நீட்டிப்பும் 2016 இறுதியில் முடிந்துபோக, 2018 பிப்ரவரியில் வந்த சட்டம் அதை 2017 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அதாவது நீட்டிப்பு கையெழுத்தான நாளிலேயே அதன் காலம் முடிந்துபோயிருந்தது.

ஊக்கத்தொகை என்பது எதிர்காலச் செயலைத் தூண்டுவதற்குக் கொடுப்பது. 2017-இல் எந்தச் சலுகையும் இல்லை என்று தெரிந்தே சாளரம் மாற்றிய குடும்பத்துக்கு 2018-இல் பணம் கொடுத்தால், அது ஒரு யூனிட் மின்சாரத்தையும் புதிதாக மிச்சப்படுத்தாது. பொதுவாகவே, சலுகை இல்லாவிட்டாலும் அதே வேலையைச் செய்திருப்பவர்களுக்குப் போகும் பணம் வீண் என்று பொருளியலாளர்கள் கணக்கிடுவார்கள்; எவ்வளவு பேர் அப்படிப்பட்டவர்கள் என்பதை அறிவதே கடினம். பின்தேதியிட்ட நீட்டிப்பில் அந்தக் கடினமும் இல்லை, பெற்றவர்கள் ஏறத்தாழ அனைவருமே அப்படிப்பட்டவர்கள்தாம். காங்கிரஸ் இதை அறியாமல் செய்யவில்லை. காலாவதியாகும் பல சலுகைகளை ஒரே மூட்டையாகக் கட்டி ஆண்டிறுதியில் நிறைவேற்றுவது இரு கட்சிகளுக்கும் வசதியாக இருந்தது. சாளர உற்பத்தியாளர்களும் வெப்பச் சாதன விற்பனையாளர்களும் ஒவ்வோர் ஆண்டும் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

2009-இல் விகிதம் உயர்ந்தபோது மற்றொரு பலவீனம் வெளிப்பட்டது. வரி நிர்வாகத்துக்கான தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்வரியாண்டில் 68 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 580 கோடி டாலருக்கு மேல் வீட்டு எரிசக்தி வரவு கோரியிருந்தனர். ஆய்வுக்கு எடுத்த மாதிரியில் 30 விழுக்காட்டினருக்குச் சொந்த வீடு இருந்ததற்கான சான்றே வரித்துறையின் பதிவுகளில் இல்லை. சிறைக் கைதிகளும் வயது வராதவர்களும் கோரியவர்களின் பட்டியலில் இருந்தார்கள். இச்சலுகையைக் கோருவோர் வரித்தாக்கலோடு இணைக்க வேண்டிய படிவம் 5695 கேட்டது தொகையை. எந்த வீட்டில், எந்தப் பொருள், யார் பொருத்தினார் என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் துறையிடம் இல்லை. வரித்துறை வருமானத்தைச் சரிபார்ப்பதற்கென்று அமைந்த நிறுவனம். பரணுக்குள் ஏறிப் பார்க்க அதனிடம் ஆளில்லை. உற்பத்தியாளரின் அடையாளக் குறியீட்டைப் படிவத்தில் எழுத வேண்டும் என்ற விதி 2025-ஆம் ஆண்டுக்குத்தான் வந்தது. சலுகையின் கடைசி ஆண்டும் அதுவே.

2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் இக்குறைகளில் சிலவற்றை உண்மையாகவே திருத்தியது. வாழ்நாள் வரம்பு நீங்கி ஆண்டு வரம்பு வந்தது. 2023 முதல் செலவில் 30 விழுக்காடு. காப்பு, சாளரம், கதவு, தணிக்கை, மின்பலகை முதலியவற்றுக்குச் சேர்த்து ஆண்டுக்கு 1,200 டாலர், ஹீட் பம்புக்குத் தனியே 2,000 டாலர். அந்த 1,200-க்குள் சாளரத்துக்கு 600, கதவுகளுக்கு 500, தணிக்கைக்கு 150 என உள்வரம்புகளும் இருந்தன. ஹீட் பம்ப் என்பது குளிரூட்டியைப் போன்றே வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்தும் கருவி. திசையை மாற்றினால் குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் விடும். வெப்பத்தை உண்டாக்காமல் கடத்துவதால், மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும்.

ஆனால் இச்சட்டத்தின் ஒரு நுணுக்கம் போதிய கவனம் பெறவில்லை. ஹீட் பம்ப் போன்ற சாதனங்களுக்குப் பொருத்துகூலியும் சேர்த்துக் கணக்கிட முடிந்தது; காப்பு, சாளரம், இடுக்கு அடைத்தல் ஆகியவற்றுக்குப் பொருளின் விலையை மட்டுமே கணக்கிட முடிந்தது, கூலி சேரவில்லை. பரண் வேலைக்கு மொத்தம் 3,000 டாலர் ஆகி அதில் பொருள் 1,000, கூலி 2,000 என்று வைத்துக்கொண்டால், 30 விழுக்காடு என்று விளம்பரமான சலுகை நடைமுறையில் 300 டாலராக, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விலையுயர்ந்த சாளரத்திலோ பொருளே பெரும்பகுதி என்பதால் சலுகை உள்வரம்பை எளிதில் தொட்டுவிடும். செலவிட்ட டாலருக்கு மிகக் குறைந்த எரிபொருளையே மிச்சப்படுத்தும் வேலைகளுள் ஒன்றாகச் சாளர மாற்றத்தையும், மிக அதிகமாக மிச்சப்படுத்துவனவற்றுள் ஒன்றாகக் கசிவடைப்பையும் வீட்டு எரிசக்தித் துறையினர் நெடுங்காலமாகக் கருதிவருகின்றனர். சலுகையின் கட்டமைப்பு அந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

பணம் யாருக்குச் சென்றது என்ற கேள்விக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் செவெரின் போரென்ஸ்டைன், லூக்காஸ் டேவிஸ் இருவரின் ஆய்வு தெளிவான விடை தந்தது. 2006 முதல் வீட்டு எரிசக்தி, சூரிய மின்தகடு, மின்வாகனம் முதலியவற்றுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் பெற்ற 1,800 கோடி டாலருக்கு மேற்பட்ட வரி வரவுகளில், வருமான ஏணியின் கீழ் 60 விழுக்காட்டினர் பெற்றது ஏறத்தாழ 10 விழுக்காடு. மேல் 20 விழுக்காட்டினர் பெற்றது ஏறத்தாழ 60 விழுக்காடு. மின்வாகனச் சலுகையோடு ஒப்பிட 25சி-யின் சாய்வு குறைவு என்பதையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கூட்டரசுக்கு வருமான வரியே செலுத்தாத குடும்பங்கள் அந்நாட்டில் பத்தில் நான்கு அளவுக்கு இருக்கின்றன. 400 டாலர் மட்டுமே வரி கட்ட வேண்டியிருக்கும் குடும்பம் 15,000 டாலருக்கு ஹீட் பம்ப் வாங்கினால் அதற்குக் கிடைப்பது 400. அதே கருவியை வாங்கும் வசதியான குடும்பத்துக்கு 2,000. அதுவும் முழுச் செலவையும் முதலில் கையிலிருந்து கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு வரித்தாக்கல் வரை காத்திருந்த பிறகு. தாம் குடியிருக்காத வீட்டைச் செப்பனிடும் உரிமையாளருக்கு இச்சலுகை இருக்கவில்லை என்பதால், வாடகை வீடுகளில் வாழும் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கர்களின் சுவர்களும் பரண்களும் ஏறக்குறைய கணக்கிலேயே வரவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023-ஆம் வரியாண்டுக்கு 34 லட்சம் குடும்பங்கள் 840 கோடி டாலர் அளவுக்கு 25சி, 25டி வரவுகளைக் கோரியதாகக் கருவூலத் துறை 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அவற்றில் 25சி-யைக் கோரியவை 23 லட்சம், தொகை ஏறத்தாழ 210 கோடி. கோரியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்குக் கீழ் உள்ளவர்கள். நடுத்தர வர்க்கத்தை இச்சலுகை எட்டவே இல்லை என்று சொல்வது பொருந்தாது. ஆனால் மிக அதிகமாகக் கசியும் பழைய வீடுகளில் வாழ்வோர் பெரும்பாலும் இக்கணக்குக்கு வெளியில் இருப்பவர்கள்.

எவ்வளவு மிச்சமாகிறது என்ற கேள்விக்கு நேரடி விடை வரிச் சலுகையின் தரவிலிருந்து கிடைக்காது. படிவம் அதைக் கேட்டதில்லை. அருகிலுள்ள வேறொரு திட்டத்திலிருந்துதான் பெற வேண்டும். 1976 முதல் ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு இலவசமாகக் காப்பு இட்டுத்தரும் கூட்டரசுத் திட்டம் ஒன்று நடைபெறுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் அத்திட்டத்துக்குத் தகுதியுள்ள 30,000-த்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு மெரிடித் ஃபவ்லி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வோல்ஃப்ராம் மூவரும் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, செலவு மிச்சத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்றும், பொறியியல் கணிப்பு உண்மையான மிச்சத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்றும் கண்டது. இலவசமாகத் தருகிறோம் என்று வீடுவீடாகச் சென்று வலியுறுத்தியும் ஏற்றவர்கள் 6 விழுக்காடு அளவே. ஒரு மாநிலத்தின் ஒரு காலத்து முடிவை எல்லா வீடுகளுக்கும் விரித்துவிடக் கூடாது என்ற எதிர்வாதம் நியாயமானது. பின்னர் இலினாய் மாநிலத்தில் இதே திட்டத்தை ஆராய்ந்தவர்கள், கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கு வரை கணிப்பு மாதிரியின் பிழை என்றும், அதே அளவு வரை வேலையாட்களின் தரவேறுபாடு என்றும் பிரித்துக் காட்டினார்கள். மிச்சமாகிறதே என்று மக்கள் வீட்டைக் கூடுதலாகச் சூடாக்கிக்கொள்வதன் பங்கு மிகச் சிறிது. ஒரே காப்பு, ஒரே வகை வீடு. நன்றாக வேலை செய்யும் குழு போன வீட்டில் மிச்சம், ஏனோதானோவென்று செய்த வீட்டில் இல்லை. மிச்சத்தைத் தீர்மானிக்கும் அந்த உழைப்பைத்தான் 25சி கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது.

ஏழைகளுக்கு எட்டாமை, முன்பணம் ஆகிய இரு தடைகளையும் அடியோடு நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி ஒரு பாடம். கொரோனாத் தொற்றின் நடுவே, 2020 மே மாதத்தில் ஜுசெப்பே கோன்டேயின் அரசு அறிவித்த சூப்பர்போனஸ், வீட்டின் எரிசக்தித் தரம் இரண்டு படி உயர்ந்தால் செலவில் 110 விழுக்காட்டை வரிவரவாகத் தந்தது. வரி கட்டாதவரும் அந்த வரவை ஒப்பந்தக்காரருக்கோ வங்கிக்கோ மாற்றிக்கொடுக்கலாம். ஆகவே வீட்டுக்காரர் ஒரு காசும் செலவிடாமல் வீட்டைப் புதுப்பிக்க முடிந்தது. செலவில் தமக்குப் பங்கில்லாதபோது விலைபேச யாருக்கும் தோன்றவில்லை. கோன்டேயை அடுத்துப் பிரதமரான மாரியோ திராகி 2022 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலேயே, வேலைகளின் விலை மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது என்று குறைகூறினார். நடக்காத வேலைக்கு உண்டாக்கிய வரவுகள் கைமாறிய மோசடிகளும் வெளிவந்தன. 2023 பிப்ரவரியில் ஜார்ஜா மெலோனியின் அரசு வரவு மாற்றத்தைத் தடைசெய்தது. மொத்தத்தில் 5 லட்சத்துக்கும் குறைவான கட்டடங்களுக்காக 10,000 கோடி யூரோவுக்கும் மிகுந்த சுமை அரசின் மீது ஏறி, 2023-ஆம் ஆண்டுப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 7 விழுக்காட்டைத் தாண்டியது. அமெரிக்கச் சலுகை தன் சிறுமையாலும் வரம்புகளாலும் இவ்விபத்திலிருந்து தப்பியது என்று சொல்வதில் தவறில்லை.

2022-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலேயே 25சி-க்கு மாற்றான ஒரு வழியும் இருந்தது. வீட்டுத் திறன் மானியம் என்ற பெயரில் 430 கோடி டாலர் மாநில அரசுகள் வழியே ஒதுக்கப்பட்டது. இதில் செலவின் அளவைப் பொறுத்து மட்டும் பணம் தரப்படுவதில்லை. பழைய மின், எரிவாயு ரசீதுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்த கணிப்பு 20 விழுக்காடு மிச்சம் காட்டினால் ஒரு தொகை, 35 விழுக்காட்டைத் தொட்டால் அதைவிடப் பெரிய தொகை. கணிப்பை விட்டுவிட்டு, வேலைக்குப் பின் மீட்டரில் பதிவான உண்மையான மிச்சத்துக்கே பணம் வாங்கும் வழியும் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மானியம் இரட்டிப்பு. வரி கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வாடகைக் குடியிருப்புகளுக்கும் இடமுண்டு. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இத்திட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆனால் விதிகளை வகுத்து, மாநிலங்களிடம் விண்ணப்பம் பெற்று, ஒப்பந்தக்காரர்களைப் பதிவுசெய்து, ரசீதுகளைச் சரிபார்க்கும் அமைப்பைக் கட்டுவதற்குள் காலம் ஓடிவிட்டது. சட்டம் கையெழுத்தான ஐந்தே மாதங்களில் 25சி நடைமுறைக்கு வந்து முதல் ஆண்டிலேயே 23 லட்சம் குடும்பங்களை எட்டியிருக்க, இதனோடு பிறந்த வீட்டு மானியத் திட்டங்களில் முதலாவது நியூயார்க்கில் தொடங்கவே 2024 மே மாதம் ஆயிற்று. அப்போதும் அங்கு முதலில் திறக்கப்பட்டது சாதனங்களுக்கான மானியமே, மிச்சத்தைப் பொறுத்துத் தரும் வீட்டுத் திறன் மானியம் அல்ல.